கடலூரிலிருந்து சர்வதேச சுகாதார ஆராய்ச்சிப் பட்டம்: கேள்வி முதலில், நாடு அப்புறம்

கேட்டவர் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த முறையில் வேலை பார்க்கும் செவிலியர். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐந்து வருடம் ஆகிறது, மூன்று வயதில் குழந்தை இருக்கிறது. சர்வதேச சுகாதாரத்தில் ஆராய்ச்சிப் பட்டம் படிக்க ஆசைப்படுகிறார். புதுச்சேரியில் ஓர் ஏஜென்ட், "இங்கிலாந்தில் ஒரு வருட எம்.பி.எச். சீட் வாங்கித் தருகிறேன், வீட்டை அடமானம் வைத்துக் கடன் எடுங்கள்" என்கிறாராம். போகலாமா, நேராகப் பிஎச்.டி.க்கு முயலலாமா, படித்துவிட்டு வந்தால் இங்கே வேலை உண்டா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்று. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அந்த ஏஜென்ட் சொல்வது நீங்கள் கேட்ட படிப்பே இல்லை. எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) என்பது வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் பட்டம். தொற்றுநோயியல், புள்ளியியல், சுகாதார நிர்வாகம் என்று பாடங்கள் இருக்கும், தேர்வு இருக்கும், கடைசியில் சில மாதத்துக்கு ஒரு சிறு ஆய்வு இருக்கும். நல்ல படிப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆராய்ச்சிப் பட்டம் வேறு மாதிரி. ஒரே ஒரு கேள்வி, அதற்கு ஒரு வழிகாட்டி, ஓராண்டோ மூன்று நான்கு ஆண்டுகளோ அந்தக் கேள்வியோடு வாழ்க்கை, கடைசியில் ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. எம்.ரெஸ்., ஆய்வுவழி எம்.எஸ்சி., எம்.பில்., பிஎச்.டி. எல்லாம் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தவை. நம் நாட்டில் 2022 யுஜிசி விதிகளோடு எம்.பில். நின்றுவிட்டது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இன்னும் இருக்கிறது.

இந்த வித்தியாசம் உங்கள் பணத்தையும் குடும்பத்தையும் நேராகத் தொடுகிறது. பாடவழிப் படிப்புக்குக் கட்டணம் கட்ட ஆள் இருந்தால் இடம் கிடைத்துவிடும், அதில் ஏஜென்டுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கும். ஆராய்ச்சிப் பட்டத்தில் "இந்தப் பெண்ணை நான் வழிநடத்துகிறேன்" என்று ஒரு பேராசிரியர் சம்மதிக்க வேண்டும். அதை எந்த ஏஜென்டாலும் வாங்கித் தர முடியாது. அடுத்தது விசா. 2024 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் சொந்தச் செலவில் பாடவழி முதுகலை படிக்கப் போகிறவர்கள் கணவனையோ குழந்தையையோ உடன் அழைத்துப் போக முடியாது. ஆராய்ச்சி அடிப்படையிலான முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் அந்த அனுமதி தொடர்கிறது. மூன்று வயதுக் குழந்தையின் அம்மாவிடம் இதை அவர் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? எல்லோரும் நாட்டில் தொடங்குகிறார்கள், பிறகு பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள், கடைசி வாரத்தில் அவசரமாக ஒரு தலைப்பைத் தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். கேள்வியைப் பிடியுங்கள். அந்தக் கேள்வியில் உலகத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். அவர் இருக்கும் இடம்தான் நீங்கள் போக வேண்டிய நாடு. சர்வதேச சுகாதாரம் என்றதும் ஆப்பிரிக்காவில் முகாம் போடுவது நினைவுக்கு வருகிறது. உண்மையில் ஓர் ஊரில் எழும் கேள்வி பல நாடுகளுக்குப் பொதுவாக இருந்தால், ஓர் ஊரின் விடை இன்னொரு நாட்டுக்கு உதவுமானால், அது சர்வதேச சுகாதாரம்தான். அந்த வகையில் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டியதில்லை.

உங்கள் அன்றாட வேலையிலிருந்தே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. நோய் உறுதியானதும் அந்த நோயாளியின் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு), கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, ஆபத்தானவர்களைப் பிரித்து உள்நோயாளியாகச் சேர்ப்பதுதான் அதன் சாரம். இதில் பெரிய கருவி எதுவும் கிடையாது. எடை மெஷின், உயரம் அளக்கும் நாடா, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு கைக்கடிகாரம். இதை ஒரு மாநிலம் முழுக்கச் செய்ய முடிந்தது எப்படி, எந்த நிலையத்தில் சரியாக நடக்கிறது, எங்கே நழுவுகிறது, நழுவினால் அது ஆள் பற்றாக்குறையாலா, படுக்கை இல்லாததாலா, அல்லது "ஆஸ்பத்திரியில் தங்கினால் கூலி போய்விடும்" என்று நோயாளி மறுப்பதாலா? வங்கதேசம், நேபாளம், கென்யா என்று காசநோய் உள்ள எந்த நாட்டுத் திட்ட அதிகாரியும் இந்த விடையைத் தெரிந்துகொள்ள விரும்புவார். இதற்குச் செயலாக்க ஆராய்ச்சி என்று தனிப் பிரிவே உண்டு. அந்தப் படிவத்தைக் கையால் நிரப்பும் நீங்கள், லண்டனில் உட்கார்ந்து படிக்கும் ஒருவரைவிட இதில் பல படி முன்னால் நிற்கிறீர்கள்.

அல்லது எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, வேறு அரசு, வேறு சுகாதாரத் துறை. கடலூர், விழுப்புரம் மக்கள் பாதிப் பேர் பெரிய நோய் என்றால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். அங்கே காசநோய் கண்டுபிடிக்கப்படும், சிகிச்சைக்கு அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்‌ஷய் தளத்தில் சொந்த மாவட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள். கணினியில் அந்தப் பெயர் மாறிவிடும். ஆள் வந்து சேர்ந்தாரா? எத்தனை நாள் கழித்து முதல் மாத்திரை விழுங்கினார்? நடுவில் காணாமல் போனவர்கள் யார்? நோய் கண்டறிந்த பிறகு, சிகிச்சை தொடங்கும் முன் நோயாளியை இழப்பது உலகம் முழுக்க உள்ள தலைவலி. எல்லை கடந்து வைத்தியம் தேடும் மக்கள் உள்ள இடத்திலெல்லாம் அது இன்னும் கடுமை. அந்த எல்லை உங்கள் பஸ் ரூட்டில் இருக்கிறது.

மூன்றாவது எனக்கு மனசுக்கு நெருக்கமானது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும் கூலியாட்களைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடியுமுன்னே இறங்குவார்கள், ஆனால் வேலை முடிய மதியம் தாண்டும். தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, வரப்பில் ஒரு பிளாஸ்டிக் கேன் தண்ணீர், அது பத்துப் பேருக்கு. பெண்கள் பலர் ஒதுங்க இடம் இல்லாததால் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடிப்பார்கள். இப்போது நிகரகுவா, எல் சால்வடோர் நாடுகளைப் பாருங்கள். அங்கே கரும்பு வெட்டும் இளம் ஆண்களுக்கு, சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்தது. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. வெயிலில் கடும் உழைப்பும் நீரிழப்பும் மத்திய அமெரிக்காவில் முக்கியமான சந்தேகம். நிழல், தண்ணீர், ஓய்வு மூன்றையும் வேலைக்குள்ளேயே புகுத்திப் பார்க்கும் முயற்சிகள் அங்கே நடக்கின்றன. நம் கரும்புக்காட்டில் நிலைமை என்ன? அதே நோய் இங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு சீசனின் தொடக்கத்திலும் முடிவிலும் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பது ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதுமான, நேர்மையான கேள்வி. வளைகுடாவில் கட்டட வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்களிடமும் இதையே கேட்கலாம்.

கேள்வியைப் பிடித்தாயிற்று என்றால் அடுத்து பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜிப்மரில் 2014-இல் தொடங்கிய சர்வதேசப் பொதுச் சுகாதாரப் பள்ளி இருக்கிறது, மருத்துவர் அல்லாதவர்களும் சேரக்கூடிய எம்.பி.எச். அங்கே உண்டு. சேர்க்கை அறிவிப்பு வரும்போது தகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மூன்று மாவட்டக் காசநோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றை, ரிப்போர்ட் இந்தியா என்ற கூட்டமைப்பின் கீழ், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஜிப்மர் நடத்தியது. சத்துக்குறைவும் குடியும் காசநோயில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கின்றன என்ற கட்டுரைகள் அதிலிருந்து வந்தன. உங்கள் ஊர்க்காரர்களின் தகவலை வைத்து எழுதப்பட்டவை அவை. முதலில் படிக்க வேண்டியது அவற்றைத்தான்.

புதுச்சேரி இந்திரா நகரில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு) நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, 1975-இல் தொடங்கியது. புதுச்சேரி நகரத்தில் யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை ஒருங்கிணைந்த முறையில் குறைக்க 1981 முதல் 1985 வரை அவர்கள் செய்த களப்பணி, நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டைப் படிக்கிறவர்கள் இன்றும் எடுத்துப் பேசும் ஒன்று. நர்சிங் படித்தவருக்கு அங்கே பட்டப்படிப்பு பொருந்தாமல் போகலாம். ஆனால் களத்திட்டங்களுக்கு ஆள் எடுப்பார்கள், அறிவிப்பைக் கவனியுங்கள். சென்னை அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் இரண்டும் தென்னிந்தியாவில் இந்தப் படிப்புக்குப் பெயர்பெற்ற இடங்கள்.

நேராகப் பிஎச்.டி.யா என்று கேட்டீர்கள். நான்கு வருட இளங்கலையில் 75 சதவீதம் இருந்தால் முதுகலை இல்லாமலே பிஎச்.டி. சேர 2022 யுஜிசி விதிகளில் இடம் உண்டு. இருந்தாலும் என் கருத்து, வேண்டாம். புள்ளியியலும் ஆய்வு வடிவமைப்பும் தெரியாமல் பிஎச்.டி.யில் இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான். இரண்டாம் வருடத்தில் நொந்துபோய் விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், திறமை இல்லாதவர்கள் அல்ல, அடித்தளம் இல்லாமல் போனவர்கள். இங்கேயே ஒரு எம்.பி.எச்., அல்லது வெளிநாட்டில் உதவித்தொகையோடு ஓர் ஆய்வுவழி முதுகலை, அதற்குள் ஒரு கட்டுரை, அப்புறம் பிஎச்.டி. இந்த வரிசை மெதுவாகத் தெரியும், ஆனால் முடிப்பவர்கள் பெரும்பாலும் இப்படிப் போனவர்கள்தான்.

காசு செலவில்லாமல் இந்த மாதமே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கான அடிப்படைப் பயிற்சியை நடத்துகிறது. எம்.டி., எம்.எஸ். படிக்கும் டாக்டர்கள் கட்டாயம் முடிக்க வேண்டிய அதே பயிற்சி. பாடம் இலவசம், தேர்வெழுதத்தான் கட்டணம். கூடவே எபி இன்ஃபோ, ஆர் போன்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் ஒன்றைப் பழகுங்கள். நிலையத்தில் உங்களுக்குத் தெரிந்த பதிவேட்டின் வடிவத்தில், நோயாளி அடையாளம் எதுவும் இல்லாமல், கற்பனைத் தகவலைப் போட்டு அட்டவணை எடுத்துப் பாருங்கள். உண்மையான நோயாளிகளின் தகவலை அனுமதியின்றி வீட்டுக்கு எடுத்துவரவே கூடாது.

பணம். ஆராய்ச்சிப் பட்டத்தைச் சொந்தக் கடனில் படிக்காதீர்கள் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதற்கு உதவித்தொகைகள் இருப்பதே நாம் கடன் வாங்கக் கூடாது என்பதற்காகத்தான். இங்கிலாந்துக்கு காமன்வெல்த் உதவித்தொகை உண்டு, எந்த வகை நம் நாட்டவருக்குத் திறந்திருக்கிறது என்று அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள். அதில் இங்கேயே பதிவு செய்துகொண்டு ஒரு வருடம் வரை மட்டும் அங்கே போய்வரும் பிஎச்.டி. வகை ஒன்று இருந்து வந்திருக்கிறது, சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு அதுதான் சரிப்படும் என்று நினைக்கிறேன். செவனிங் என்ற இங்கிலாந்து அரசின் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கு, 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், அது உங்களிடம் தாராளமாக இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சிப் பயிற்சி உதவித்தொகை ஆய்வுவழி முதுகலைக்கும் கிடைக்கும். நியூசிலாந்தில் வெளிநாட்டுப் பிஎச்.டி. மாணவர்களுக்கும் உள்நாட்டுக் கட்டணம்தான். சுவீடன், நார்வே, டென்மார்க் நாடுகளில் பிஎச்.டி. என்பது சம்பளம் வாங்கும் வேலை, அதற்குப் பொதுவாக முதுகலை முடித்திருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும், நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்தினர் போன்ற இன்னும் சில பிரிவினருக்கும் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது, 35 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தில் இயங்கும் டிடிஆர் என்ற வெப்பமண்டல நோய்கள் ஆராய்ச்சித் திட்டம், செயலாக்க ஆராய்ச்சியில் முதுகலை படிக்க முழு உதவி தந்து வந்திருக்கிறது. அந்த இடங்கள் லண்டனிலோ பாஸ்டனிலோ இல்லை. டாக்காவின் பிராக் பல்கலைக்கழகம், இந்தோனேசியாவின் கஜா மாடா, கானா பல்கலைக்கழகம் போன்றவை. நம் நிலைமைக்கு ஒத்த நாட்டில் படித்தால் கற்றது அத்தனையும் ஊருக்குத் திரும்பி வந்து உதவும். வங்கதேசமா என்று வீட்டில் முகம் சுளித்தால், சமூக சுகாதாரப் பணியாளர் என்றதும் உலகம் திரும்பிப் பார்க்கும் நாடுகளில் அது ஒன்று என்று சொல்லுங்கள்.

அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-இல் வெளிநாட்டு உதவிக்கான யுஎஸ்எய்டு அமைப்பைக் கலைத்தார்கள், உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாகவும் அறிவித்தார்கள். வெளிநாட்டுச் சுகாதார ஆய்வுக்கான பணம் சுருங்கியிருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால், எத்தனை வருடத்துக்கு நிதி உறுதி என்பதை எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

வழிகாட்டிக்கு எழுதும் மின்னஞ்சல்தான் பாதி வேலை. "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு உலக சுகாதாரத்தில் மிகுந்த ஆர்வம், உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் வாய்ப்புத் தாருங்கள்" என்று தொடங்கும் கடிதத்தை அவர்கள் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை. அப்படி நூறு வரும். நீங்கள் இப்படி எழுதுங்கள்: "தமிழ்நாட்டில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். புதிதாகக் கண்டறியப்படும் காசநோயாளிகளின் அபாய நிலையை நான்தான் மதிப்பிடுகிறேன். கடுமையான சத்துக்குறைவு உள்ளவர்களில் சிலர் மருத்துவமனையில் சேர மறுக்கிறார்கள், ஏன் என்பதை ஆராய விரும்புகிறேன். உங்கள் இன்ன கட்டுரையில் நீங்கள் பயன்படுத்திய நேர்காணல் முறை இதற்குப் பொருந்துமா என்று அறிய விரும்புகிறேன்." ஆங்கிலத்தில் எளிய வாக்கியங்களில் இருந்தால் போதும். முதல் கடிதத்தில் உதவித்தொகை பற்றிக் கேட்க வேண்டாம், இரண்டு பக்கத்துக்குள் ஓர் ஆய்வுக் குறிப்பை இணையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் விட்டுவிடுங்கள். பதில் தருகிறவர் யாராக இருந்தாலும் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள். வழிகாட்டி சரியில்லாவிட்டால் எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமும் நரகம்தான்.

அனுமதிகள் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பலருடைய ஒரு வருடத்தை இதுதான் விழுங்குகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்துவிட்டது என்பதற்காக இங்கே களத்தில் இறங்க முடியாது. இந்தியாவில் ஒரு நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டுக் கூட்டோ நிதியோ இருந்தால் ஐசிஎம்ஆர் வழியாக நடக்கும் சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் அனுமதி வேண்டும். அரசு நிலையங்களில் ஆய்வு செய்யத் தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் அனுமதி தனி, புதுச்சேரியில் அந்த அரசின் அனுமதி தனி. எல்லை தாண்டிய கேள்வியை எடுத்தால் இரண்டு பக்கமும் கோப்பு நகர வேண்டும். உள்ளூர் நிறுவனம் ஒன்றில் இணை வழிகாட்டி இருந்தால் இதில் பாதிச் சுமை குறையும்.

காகித அனுமதியைவிடப் பெரியது மக்களின் அனுமதி. கடலூர் கடற்கரைக் குப்பங்களில் 2004 சுனாமிக்குப் பிறகும், 2011 தானே புயலுக்குப் பிறகும் படிவம் தூக்கிக்கொண்டு வராதவர்கள் இல்லை. அங்கே ஒருமுறை நான் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டியபோது மீன் காய வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கையைத் துடைக்காமலே கேட்டார்: "எழுதிக்கிட்டுப் போயிடுவீங்க. என்னா தெரிஞ்சிதுன்னு யார் வந்து சொல்லுவா?" ஆய்வு முடிந்ததும் முடிவுகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, குப்பத்துக் கூட்டத்திலோ கிராம சபையிலோ வாசிப்பதை உங்கள் திட்டத்திலேயே ஒரு வேலையாக எழுதிவிடுங்கள், அதற்கான செலவையும் சேர்த்து. நெறிமுறைக் குழுவும் அதை விரும்பும். அதைவிட முக்கியம், அந்த அம்மாவுக்கு அது நியாயமாகச் சேர வேண்டியது.

கடைசியாக வேலை. இதில் ஆசை காட்ட மாட்டேன். தமிழ்நாட்டில் சுகாதார அலுவலர் பதவிகள் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு, வெளிநாட்டு எம்.பி.எச். இருந்தாலும் செவிலியருக்கு அந்தப் பதவி வராது. நர்சிங் கல்லூரியில் பேராசிரியராக வேண்டும் என்பதுதான் உங்கள் குறிக்கோள் என்றால் எம்.எஸ்சி. நர்சிங் வழிதான் சரி, இந்த வழி அல்ல. உங்களுக்குத் திறக்கும் கதவுகள் வேறு: ஐசிஎம்ஆர் நிறுவனங்களின் திட்ட விஞ்ஞானி பணிகள், மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுத் திட்டங்கள், உலக சுகாதார நிறுவனத்தின் மாநில, மாவட்ட அளவிலான ஆலோசகர் பணிகள், தொண்டு நிறுவனங்களின் கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டுப் பிரிவுகள். பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். ஒரு திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருப்பவர் என்பதால் அந்த நிச்சயமின்மை உங்களுக்குப் புதிதல்ல, ஆனால் வீட்டில் இன்னொரு நிலையான வருமானம் இருக்கிறதா என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். பயிற்சியை முடியுங்கள், பாஸ்போர்ட் எடுங்கள், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பித்து வையுங்கள், அதற்கு நேரம் பிடிக்கும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை இப்போது எழுதாதீர்கள், மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். விண்ணப்பிக்கும் வருடத்தில் 6.5 அல்லது 7 வாங்கினால் போதும். மேலே சொன்ன மூன்றில் ஒன்றையோ, உங்களுடையதாக நான்காவது ஒன்றையோ ஒரு பக்கத்துக்குத் தமிழிலேயே எழுதி இங்கே போடுங்கள். படித்துவிட்டு, அந்தக் கேள்விக்கு யாருக்கு எழுதலாம் என்று சொல்கிறேன்.